இரண்டாம் பாகம் உள்ளேதான் இருக்கிறது

அந்த நாவலின் பெயர் உங்களில் யாருக்காவது தெரிந்தால் எனக்குச் சொல்லிவிடுங்கள். எழுபதைத் தாண்டியவர்களைத்தான் கேட்கிறேன். சின்னவர்களைக் கேட்டுப் பயனில்லை. ஆற்றங்கரை ஊர். அரிசி மில் வைத்திருக்கும் ஒரு தாய்மாமன். அவனுக்கென்றே வளர்ந்ததாக ஊரே சொல்லும் அவனுடைய அக்கா மகள். அங்கே பள்ளிக்கு மாற்றலாகி வரும் ஒரு வாத்தியார். இரண்டு பாகம். நூலகத்தில் போட்ட பழுப்புத் துணி பைண்டு. முதுகில் பெயர் உதிர்ந்து எண் மட்டும் நின்றது. இதற்கு மேல் எனக்கு நினைவில்லை. போன வாரம்கூட ஒரு நூலகத்தில் கேட்டேன். அங்கிருந்த பெண், "இந்த மாதிரி ஆயிரம் கதை இருக்கே சார்" என்று சிரித்தாள். இருக்கலாம். ஆயிரத்தில் அந்த ஒன்றுதான் எங்கள் வீட்டு அடுப்பை ஒரு மழைக்காலம் முழுவதும் கெடுத்தது. அதன் பெயர் தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

திருவொற்றியூரில் ரயில் பாதைக்கும் எண்ணூர் நெடுஞ்சாலைக்கும் நடுவே ஒரு வரிசை வீட்டில் இருந்தோம். ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, பின்னால் கழுவுகிற இடம். இன்று அந்த இடத்தில் கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. நேற்று பதினேழு நின்றன. அன்றைக்கு லாரிகள் இல்லை, சங்குகள் இருந்தன. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஒரு சங்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல். எந்தச் சங்கு யாருடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். அம்மா சங்குகளைக் கேட்டுத்தான் சமைத்தாள்.

அவள் கேரியர் சாப்பாடு போட்டாள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு இங்கே வேலைக்கு வந்த ஆண்கள் எட்டுப் பேர் எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்காரர்கள். எட்டு கேரியர், ஒவ்வொன்றிலும் நான்கு அடுக்கு, ஆக முப்பத்திரண்டு கிண்ணம், மூடிகள் தனி. சோறு, குழம்பு, பொரியல், ரசம். ஏழு கேரியரில் மீன் உண்டு. எட்டாவது, சைவம் மட்டும் சாப்பிடுகிற ஒரு டிராயிங் ஆபீஸ்காரருடையது. அதன் பிடியில் சிவப்பு நூல் கட்டியிருக்கும். முற்பகலில் கேரியர்காரர் சைக்கிளோடு வருவார், எட்டையும் மாட்டிக்கொண்டு போவார், பிற்பகலில் காலியாகக் கொண்டுவந்து இறக்குவார். பிறகு கழுவல். அம்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை என்று சொன்னால் மிகையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாப்பிடும்போதுகூட ஒரு முழங்காலை ஊன்றித்தான் இருப்பாள், எழுந்துகொள்ள வசதியாக.

அப்படிப்பட்டவள் நாவல் படித்தாள். உப்பு ஜாடிமேல் புத்தகத்தைச் சாய்த்து வைப்பாள். வலது கையில் கரண்டி. இடது கையின் சுண்டு விரலால் பக்கம் புரட்டுவாள். அந்த ஒரு விரலில்தான் மிளகாய்த்தூள் ஒட்டியிருக்காது. எட்டாவது வரை படித்தவள். துப்பறியும் கதை பிடிக்காது, ராஜா கதை பிடிக்காது. "ஆம்பளையும் பொம்பளையும் கீற கதையா பாத்து எடுத்துனு வாடா" என்பாள் என்னிடம். கிளை நூலகத்துக்குப் போய்வருவது என் வேலை. எங்கள் பக்கத்துப் பெண்கள் அங்கே போகமாட்டார்கள். போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அங்கே ஷிப்ட் முடிந்த ஆண்கள் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான். புத்தகம் எடுக்கிற டிக்கெட்டும் அப்பா பெயரில்தான் இருந்தது.

என் அப்பாவைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் அம்மாவுக்குத் தாய்மாமன். அம்மாவைப் பெற்றவளின் கடைசித் தம்பி. அம்மா கைக்குழந்தையாக இருந்தபோது மடியில் போட்டுக் காது குத்தவைத்தவர் அவர். அவள் பெரியவளானபோது பச்சை ஓலை வெட்டிக் குடிசை கட்டியவர் அவர். கடைசியில் தாலி கட்டியவரும் அவர்தான். நம் காலத்தில் இதெல்லாம் அதிசயமில்லை. உங்களில் பாதிப் பேர் வீட்டில் இதே கதைதான். அம்மா அவரைக் கல்யாணத்துக்கு முன்பும் மாமா என்றாள், பின்பும் மாமா என்றாள். அப்பா ஒரு தொழிற்சாலையில் பாய்லர் பார்த்தார். பேச்சு குறைவு. முதல் ஷிப்ட் முடிந்தால் நேரே வீட்டுக்கு வராமல் நூலகத்தில் பேப்பர் படித்துவிட்டு வருவார்.

காசிமேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா ஒருத்தி. தினமும் காலையில் கூடையை எங்கள் வாசலில் இறக்குவாள். எழுதப் படிக்கத் தெரியாது. கதை கேட்காமல் மீனை எடுக்கமாட்டாள்.

"யக்கா, நேத்து எங்க வுட்ட? அந்த வாத்தி ஓட்டல்ல துன்னுகினு இருந்தான். அப்பால?"

"மொதல்ல கானாங்கத்தய எடுத்து வை. கத எங்கியும் ஓடிப்பூடாது."

"மீனு மட்டும் ஓடிப்பூடுமா? செத்து ஐஸ்ல கீது. நீ சொல்லு."

அம்மா மீனை ஆய்ந்துகொண்டே சொல்வாள். படித்தது ஒரு பங்கு என்றால் சொல்வது ஒன்றரைப் பங்கு. வாத்தியாருக்கு ஒரு சட்டைதான் என்று புத்தகத்தில் இருந்தால், அந்தச் சட்டையின் கிழிசல் எங்கே என்பதையும் அம்மா சொல்வாள். அப்பா ஷிப்டுக்குப் புறப்படும் வரை சுவரோரம் டீ குடித்துக்கொண்டிருப்பார். கேட்கிற மாதிரி தெரியாது.

மீன்கார அக்கா அந்தக் கதையைக் கடற்கரைக்குக் கொண்டுபோனாள். ஏலம் எடுக்கிற இடத்தில் பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்களாம். ஒன்று மாமன் கட்சி, ஒன்று வாத்தியார் கட்சி. இவள் மாமன் கட்சி.

"மொற மாமன் குத்துக்கல்லாட்டம் கீறப்போ, எவனோ வந்தவன இவ எதுக்குப் பாக்கறா? மில்லுக்காரன் இன்னா கொறச்சலு?"

"அவன் ஒரு வார்த்த பேசமாட்றானே" என்றாள் அம்மா.

"பேசாம இருந்தா நல்லதுதானே யக்கா! என் வூட்ல பேசறத வந்து கேளு. காது அழுவிப்பூடும்."

இருவரும் சிரித்தார்கள். அப்பா டீ டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அவர் முகத்தைப் பார்த்த ஞாபகம் எனக்கில்லை. பார்த்திருக்க வேண்டும்.

முதல் பாகம் ரயில் நிலையத்தில் முடிந்தது. அந்தப் பெண் பெட்டியோடு நிற்கிறாள். ஒரு பக்கம் மாமன், ஒரு பக்கம் வாத்தியார். கார்டு பச்சைக் கொடியை உயர்த்துகிறார். முற்றிற்று.

அம்மா கடைசித் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பைண்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். "டேய், ஓடு" என்றாள்.

மழை பிடித்துக்கொண்ட காலம் அது. நெடுஞ்சாலையில் முழங்கால் தண்ணீர். புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடினேன். நூலகர் ஒல்லியானவர், மூக்குக்கண்ணாடிக் காம்பை நூலால் கட்டியிருப்பார். அலமாரியில் தேடினார், முதல் பாகம் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் வெற்றிடம். மேஜை மேல் நீளப் பெட்டி ஒன்று உண்டு. யாராவது ஒரு புத்தகத்தை எடுத்துப்போனால் அந்தப் புத்தகத்தின் அட்டை அந்தப் பெட்டியில் இருக்கும். அவர் பெட்டியைக் கடைசிவரை தள்ளிப் பார்த்தார்.

"அட்டை இல்லப்பா. அப்படின்னா புத்தகம் வெளிய போகல. உள்ளதான் இருக்கு."

"எங்க சார்?"

"அதான் தெரியல. யாரோ இடம் மாத்தி வச்சிருக்காங்க. அடுத்தமுறை தனக்குக் கிடைக்கணும்னு ஒளிச்சு வைக்கிற ஆளுங்க உண்டு. இப்போதைக்கு இதைக் கொண்டுபோ, உபயோகமா இருக்கும்."

அவர் கொடுத்தது கோழி வளர்ப்பு. அம்மா அதையும் உப்பு ஜாடி மேல் சாய்த்து வைத்துப் படித்தாள். அவ்வளவு பசி அவளுக்கு. மறுநாள் மீன்கார அக்கா ஆவலோடு கூடையை இறக்கியபோது, "கோழிக்கு எந்த வியாதி வந்தா கொண்ட கறுத்துப்பூடும், கேக்கறியா?" என்றாள்.

"உள்ளதான் கீதாம்மா" என்று நான் மறுபடி மறுபடி வந்து சொன்னேன்.

"உள்ள கீதுன்னா எடுத்துக் குடுக்க வேண்டியதுதானே? இன்னா, கர்ப்பகிரகமா?"

மீன்கார அக்காவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "நான் சொல்றேன் யக்கா, எழுதி வச்சிக்கோ. அந்தப் பொஸ்தகக்காரன் நம்ம கட்சி. கடசில வாத்தி ஜெயிச்சிட்டான்னு கண்டுகினான். கடுப்பாயி ஒளிச்சி வச்சிகினான்."

அப்பா அன்று டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

அந்த வாரங்களில் அம்மாவுக்குக் கை ஒரு பக்கம், மனம் ஒரு பக்கம். அரிசி களைந்தபடி நின்றுவிடுவாள். கதவை மூடப் போனவள் கதவைப் பிடித்துக்கொண்டே மழையைப் பார்ப்பாள். "ரயில் ஏறினாளா இல்லியாடா?" என்று என்னைக் கேட்பாள், எனக்குத் தெரியும் என்பதுபோல. ரசத்தில் இரண்டு முறை உப்பு போட்டாள்.

கேரியர்காரர் காலிக் கேரியர்களை இறக்கும்போது சொல்வார்: "இன்னா தங்கச்சி, மார்க்கெட்ல உப்பு வெல எறங்கிடுச்சா?"

"துன்னாங்களா, வுட்டாங்களா?"

"துன்னாங்க. துன்னுட்டு ஆளுக்கு ஒரு கொடம் தண்ணி குடிச்சாங்க."

சிரிப்போடு போயிருக்கும். ஆனால் ஒருநாள், சிவப்பு நூல் கட்டிய கேரியரில் மீன் குழம்பு போய்விட்டது. குழம்பு மட்டுமென்றால் மறைத்திருக்கலாம். சங்கரா மீனின் தலை, கண்ணோடு. அந்த டிராயிங் ஆபீஸ்காரர் தன் கூட்டாளிகள் நடுவில் மூடியைத் திறந்திருக்கிறார். கேரியர்காரர் அன்று தங்கச்சி என்று கூப்பிடவில்லை. சைக்கிளை நிறுத்தாமல் பிடித்துக்கொண்டே பேசினார்.

"யம்மா, அந்த மனுசன் எழுந்து போயி வாயக் கழுவிகினு வந்தாரும்மா. துன்னவேயில்ல, அதுக்கே. இனிமே வேணாம்னு சொல்லிட்டாரு. மத்தவங்களும் பேசிக்கறாங்க. நீ பாத்து நடந்துக்கோ."

எட்டு ஏழாயிற்று. சிவப்பு நூல் கேரியரை அம்மா கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அது கவிழ்ந்தே இருந்தது.

அப்பா அன்று மாலை பேசினார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"எல்லாத்துக்கும் அந்தப் பொஸ்தகந்தாம்மே. இன்னிக்கு மீனு மாறிச்சி, நாளைக்கு உன் சேலத்தலப்பு அடுப்புல பூடும். போதும். டிக்கெட்ட திருப்பிக் குடுத்துட்றேன்."

அம்மா அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டாம் பாகம் மட்டும் படிச்சிக்கறேன் மாமா. அப்பால குடுத்துடு. நானே கேக்கமாட்டேன்."

"அதான் கெடைக்கலியே."

"கெடைக்கும்."

"கெடைக்காதும்மே. இந்த வாரம் குடுத்துட்றேன்."

அவர் எப்படி அவ்வளவு உறுதியாகச் சொன்னார் என்று யாரும் யோசிக்கவில்லை. புத்தகத்தால் அடுப்பு கெட்டது என்று அவர் நினைத்தார். தெருவும் அப்படித்தான் நினைத்தது, "சோறாக்கற பொம்பளைக்கு எதுக்கு கத?" என்று காதுபடச் சொன்னார்கள். படிக்கும்போது அம்மா ஒருநாளும் கேரியரை மாற்றியதில்லை. படிக்கக் கிடைக்காதபோதுதான் மாற்றினாள். இந்தக் கணக்கை அன்று போட யாருமில்லை. இன்று போட்டு என்ன செய்ய?

மறுநாள் மழைக்காகப் பள்ளி விடுமுறை. கேரியர்கள் போனதும் அம்மா கையைக் கழுவினாள், முந்தானையில் துடைத்தாள், வீட்டைப் பூட்டினாள்.

"வழி காட்டு" என்றாள்.

"எங்கம்மா?"

"உள்ளதான் கீதுன்றானே, அந்த எடத்துக்கு."

நூலகம் மாடியில். அம்மா படியேறி உள்ளே நுழைந்ததும் பேப்பர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் இறங்கின. எத்தனை தலை என்று எண்ணினேன், பதினொன்று. அம்மாவின் மேல் வெங்காயமும் மஞ்சளும் மீனும் மணத்தன. ஒரு பெரியவர் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். அம்மா அதைக் கவனிக்காமல் நேரே மேஜைக்குப் போனாள்.

"கேரியர் வூட்டுப் பையனோட அம்மா நானு. அந்த ரெண்டாம் பாகம் உள்ளதான் கீதுன்னு சொன்னீங்களாமே. காட்டுங்க."

நூலகர் எழுந்து நின்றுவிட்டார். "நானும் தேடிட்டேம்மா. கதைப் பக்கம் முழுக்கப் பாத்தாச்சு."

"மத்த பக்கம்?"

"மத்த பக்கம் எதுக்கும்மா இருக்கப் போகுது?"

"ஒளிச்சி வெக்கறவன் அதே பக்கத்துலயா வெப்பான்?"

அவர் கையை விரித்துக் காட்டினார், பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அம்மா தேடினாள். முதலில் சாமி புத்தகங்கள், பிறகு சட்டம், வைத்தியம், கைத்தொழில். கையை அலமாரிக்குள் முழங்கை வரை விட்டு, முன்வரிசைக்குப் பின்னால் துழாவினாள். நான் கீழ்த்தட்டுகளைப் பார்த்தேன். பேப்பர் படித்தவர்களில் இருவர் எழுந்து வந்து, என்ன தேடுகிறோம் என்று கேட்டு, அவர்களும் தேடத் தொடங்கினார்கள். ஒருவர் கதை என்ன என்று கேட்டார். அம்மா சொன்னாள். "மாமனத்தான் கட்டணும்" என்றார் அவர். "உங்களக் கேட்டாளா அவ?" என்றார் இன்னொருவர்.

விவசாயம் என்று எழுதிய தட்டு ஜன்னல் ஓரம் இருந்தது. சங்கும் புகையும் உப்புக் காற்றும் உள்ள எங்கள் ஊரில் அந்தத் தட்டின் பக்கம் ஆள் போவதில்லை. நெல் சாகுபடி பற்றிய பெரிய புத்தகங்களுக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி, முதுகு உள்பக்கம் திரும்பி, அது இருந்தது. பழுப்புத் துணி பைண்டு.

அம்மா திறந்தாள். கடைசி அத்தியாயத்தில் அடையாளத்துக்கு ஒன்று செருகியிருந்தது. நீல நிறக் கெட்டித் தாள், நடுவில் ஓட்டை. எனக்கு அது நன்றாகத் தெரியும். அப்பாவின் தொழிற்சாலை கேண்டீனில் டீ வாங்கக் கொடுக்கிற டோக்கன். ஞாயிற்றுக்கிழமை சட்டை துவைக்கும்போது பையிலிருந்து அம்மாதான் எடுத்து வைப்பாள். அந்தத் தொழிற்சாலையில் எத்தனையோ பேர். அவர்களில் யார் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். ஆனால் டோக்கனின் மூலை பல்லால் கடித்து மடங்கியிருந்தது. அப்பா எதைக் கையில் வைத்திருந்தாலும் மூலையைக் கடிப்பார்.

நான் வாயைத் திறந்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். டோக்கனை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

இப்போது யோசிக்கும்போது இப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அப்பா அதை முதலில் ஒளிக்கப் போகவில்லை. அவளுக்காக எடுத்துவரத்தான் போயிருப்பார், நான் மழையில் ஓடுவதற்கு முன்பே, முதல் பாகம் முடியப்போகிறது என்று சுவரோரம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு. எடுத்தவர் சும்மா கடைசிப் பக்கத்தைப் பார்த்திருப்பார். பார்த்ததும் உட்கார்ந்து முழுவதும் படித்திருப்பார். படித்தபின் அதை வீட்டுக்குக் கொண்டுவர அவருக்குக் கால் எழவில்லை. திரும்ப வைத்தால் நான் எடுத்துவிடுவேன். அதனால் நெல் சாகுபடி. கொதிகலன் வெடிக்காமல் காவல் காக்கிற மனிதர், ஒரு கதைக்குப் பயந்தார்.

நூலகர் பேரேட்டை எடுத்து, "பதிஞ்சு தரேம்மா, கொண்டுபோங்க" என்றார்.

"வேணாம்" என்றாள் அம்மா. "இங்கியே படிச்சிட்றேன்."

பெரியவர் விட்ட இடத்தில் உட்கார்ந்தாள். முழங்காலை ஊன்றாமல், முழுதாக உட்கார்ந்தாள். உப்பு ஜாடி இல்லாமல் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் படித்ததை அன்றுதான் பார்த்தேன். எனக்கோ நிலைகொள்ளவில்லை. காலிக் கேரியர்கள் வந்துவிடுமே, கேரியர்காரர் பூட்டிய வீட்டைப் பார்த்துக் கத்துவாரே, முப்பத்திரண்டில் நான்கு போக இருபத்தெட்டு கிண்ணம் காயுமே என்று ஜன்னலுக்கும் பெஞ்சுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். ஷிப்ட் மாறும் சங்கு ஊதியது. அம்மா தலை தூக்கவில்லை. சங்குக்கு அவள் அசையாமல் இருந்ததைப் பார்த்து எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

அப்பா வழக்கம்போல வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்றார். அம்மா கையிலிருந்த பைண்டைப் பார்த்தார். பிறகு ஜன்னலோரத் தட்டைப் பார்த்தார். திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. வந்து, அவளுக்கு எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து, யாரோ விட்டுப்போன பேப்பரை எடுத்துக்கொண்டார். அந்த ஒரு தாளை அவர் திருப்பவே இல்லை. பேப்பரின் மூலை அவர் வாயில் இருந்தது.

அம்மா முடித்தாள். மூடினாள். நூலகரிடம் கொடுத்து, "முதல் பாகத்துக்குப் பக்கத்துல வைங்க" என்றாள். மூன்று பேரும் இறங்கி நடந்தோம். அவள் முன்னால், நான் நடுவில், அப்பா பின்னால். தண்ணீரில் எங்கள் கால்களின் சத்தம் மட்டும்.

வாசலில் கேரியர்கள் இறக்கிவைக்கப்பட்டிருந்தன. அவற்றின் நடுவே, காலிக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் மீன்கார அக்கா உட்கார்ந்திருந்தாள். அம்மா நூலகத்துக்குப் போன செய்தி எப்படியோ அவளுக்குப் போயிருந்தது.

"கெடச்சுதா யக்கா? சொல்லு. யாரக் கட்டிகினா?"

அம்மா பூட்டைத் திறந்தபடி சொன்னாள்: "வாத்தியார."

"அட கட்டைல போறவளே! மாமன்?"

"அங்கியே நின்னுகினு கீறான். கடசி வரிக்கும் ஒரு வார்த்த பேசல. ரயிலு போனப்பறம் அவ வுட்டுட்டுப் போன கொடய எடுத்துகினு வூட்டுக்குப் போறான். அதோட முடிஞ்சிடுது."

"ஐய, பாவம்யா! இது ஒரு கதயா? அவ செஞ்சது சரிதான்றியா நீ?"

அப்பா தொட்டியருகே முகம் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது.

"சரிதான்" என்றாள் அம்மா.

மீன்கார அக்கா கடற்கரைக்கு என்ன பதில் சொல்வது என்று புலம்பிக்கொண்டே கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போனாள். அம்மா அப்பாவுக்குச் சோறு போட்டாள். தட்டின் ஓரத்தில், அப்பளம் வைக்கிற இடத்தில், முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்த நீல டோக்கனை வைத்தாள்.

அப்பா அதைப் பார்த்தார். சோற்றைப் பிசைந்தார். நெடுநேரம் பிசைந்தார்.

"நீயா இருந்தா?" என்றார் கடைசியில்.

"நானா இருந்தா இன்னா?"

"போயிருப்பியா?"

அம்மா ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தாள். கரண்டி நிற்கவில்லை. "எனக்கு எந்த வாத்தியாரு மாமா வந்தான்?"

இத்தனை வருடம் கழித்தும் இந்தப் பதிலை நான் கூட்டிக் கழித்துப் பார்க்கிறேன். போயிருப்பேன் என்றா? போகமாட்டேன் என்றா? என் மனைவியிடம் ஒருமுறை கேட்டேன். உங்க அம்மா சரியாகத்தான் சொன்னாங்க என்றாள், விளக்கவில்லை. அப்பாவுக்கு அது என்னவாகக் கேட்டது என்று எனக்குத் தெரியாது. அவர் முகம் சிரிக்கப் போகிறதா அழப் போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டும் இல்லை. சாப்பிட்டார். ரசத்தில் உப்பு சரியாக இருந்திருக்க வேண்டும். இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார்.

கை கழுவி வந்தவர் ஆணியில் மாட்டியிருந்த சட்டையைத் தடவினார். நூலக டிக்கெட் அதன் பையில்தான் இருந்தது. திருப்பிக் கொடுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அம்மாவும் கிண்ணங்களைக் கழுவ எடுத்தவள் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் டிக்கெட்டை எடுத்துச் சற்று நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்தது இன்னா எடுத்தாரட்டும்மே?"

அம்மா கிண்ணங்களைத் தண்ணீரில் போட்டாள்.

"நீ படிக்காததா பாத்து எடுத்துனு வா."